நண்பர் விட்டுப்போன மிளகாய் விதை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

கூடவே தோட்டம் போட்ட ஒருவர் போய்விட்டார். அவர் வீட்டிலிருந்து ஒரு காகித உறை கைக்கு வருகிறது. உள்ளே நாற்பதோ ஐம்பதோ மிளகாய் விதை, மேலே அவர் கையெழுத்தில் ஒரு பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருடம். இந்தக் குறிப்பு அந்த உறையை வைத்திருப்பவருக்கு.

வாங்கிய விதைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இது தீர்ந்தால் வேறு எங்கும் கிடைக்காது. அதனால் கீழே உள்ள தீர்வுகள் வழக்கமான மிளகாய்ச் சாகுபடிக் குறிப்புகளிலிருந்து அங்கங்கே விலகும். அங்கே காய் முக்கியம், இங்கே விதை முக்கியம். ஒரு செடி பத்துக் காய் கொடுத்தாலே போதும். அந்தப் பத்துக்குள் இருக்கும் விதை கலப்பில்லாமலும் நோயில்லாமலும் இருக்க வேண்டும்.

## மண்ணில் கை வைக்கும் முன்

உறையை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மை மங்கும், காகிதம் ஈரத்தில் ஊறும். பெயர் போய்விட்டால் விதை வெறும் மிளகாய் விதைதான்.

அடுத்து, எண்ணுங்கள். 30-க்கு மேல் இருந்தால் முதல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விதைக்கலாம். பத்துக்குள் என்றால் பாதி. மிச்சம் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், குளிர்பதனப் பெட்டிக்குள். ஞாபகமாக இருக்கட்டும் என்று முழு உறையையும் அலமாரியில் வைத்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சாதாரண அறை வெப்பத்தில் மிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாக முளைக்கும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் உள்ளுக்குள் செத்துக்கொண்டே வரும், வெளியே எதுவும் தெரியாது. உறையில் எழுதிய வருடம் ஐந்து ஆண்டுக்கு முந்தையது என்றால் தாமதிப்பதில் லாபமே இல்லை. பாதியை இந்தப் பருவத்திலேயே போட்டுவிடுங்கள்.

உறை கிடைக்காமல், சமையலறையில் அவர் காய வைத்த வற்றல் மட்டும் கிடைத்தாலும் கதை முடிந்துவிடவில்லை. நிழலிலோ மிதமான வெயிலிலோ காய்ந்த பழம் என்றால் விதை முளைக்க வாய்ப்பு உண்டு. புகை போட்டதும், வறுத்ததும், அடுப்புச் சூட்டில் உலர்த்தியதும் முளைக்காது.

## விதை முளைக்கவே இல்லை

முதல் கேள்வி, எத்தனை நாள் ஆயிற்று? சாதாரண மிளகாய் இனம் 28 டிகிரி செல்சியஸில் 7 முதல் 14 நாளில் முளைக்கும். ஹபனேரோ சேர்ந்த சைனென்ஸ் இனம் மூன்று நான்கு வாரம் எடுக்கும், பழைய விதையானால் ஆறு வாரம்கூட ஆகலாம். பத்தாம் நாளே தொட்டியைத் தோண்டிப் பார்த்தால், முளை விட்டிருந்த விதையின் வேர் முறிந்ததுதான் மிச்சமாகும்.

இரண்டாவது, மண்ணின் சூடு. அறையின் சூடு அல்ல, மண்ணின் சூடு. ஈரமான மண் அறையை விட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். 20 டிகிரியில் முளைப்பு பாதி வேகத்துக்குக் குறைந்துவிடும், 15-க்குக் கீழே அநேகமாக நின்றே போகும். ஒரு வெப்பமானியை மண்ணில் செருகிப் பாருங்கள். 25 முதல் 30 வரை இருந்தால் போதும். 35-ஐத் தாண்டினால் அதுவும் கெடுதல்.

இந்த இரண்டும் சரி என்றால் அடுத்து ஈரம். நாற்றுக் கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். தண்ணீர் வடிந்தால் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். ஆழம் 6 முதல் 10 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம்.

எண்ணிக்கை குறைந்த விதையை நேரே மண்ணில் போடாமல், ஈரக் காகிதத்தில் முளைக்கட்டுவது நல்லது. என்ன நடக்கிறது என்பது கண்ணில் தெரியும். சமையலறைக் காகிதத் துண்டை நனைத்துப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து மடித்து, மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். பையை நாளுக்கு ஒரு முறை திறந்து காற்று விட வேண்டும். வேர் 3 முதல் 5 மி.மீ. வந்ததும் இடுக்கியால் விதைத் தோலைப் பிடித்து (வேரை அல்ல) கலவைக்கு மாற்றுங்கள், வேர் முனை கீழ்நோக்கி. இன்னும் விட்டால் வேர் காகித நாருக்குள் புகுந்துகொள்ளும்; அப்போது பிய்க்காதீர்கள், காகிதத்தோடு சேர்த்தே நடுங்கள்.

இதிலும் அசையாத பழைய விதைக்கு வெறும் தண்ணீருக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலால் காகிதத்தை நனைக்கலாம்: லிட்டருக்கு 2 கிராம், அதாவது 0.2 சதவீதம். விதைச் சோதனைக் கூடங்களில் மிளகாய்க்குப் பயன்படுத்தும் அளவு இதுதான். விதையைச் சுற்றிப் பஞ்சு போலப் பூஞ்சை கட்டினால் அந்த விதை பெரும்பாலும் ஏற்கெனவே செத்தது. உடனே அப்புறப்படுத்தி, மற்றவற்றைக் கழுவிப் புதுக் காகிதத்துக்கு மாற்றுங்கள்.

விதையின் நிறத்தையும் பாருங்கள். வெளிர் மஞ்சள் நல்லது, பழுப்பேறியது சந்தேகம். கறுப்பாக இருக்கிறதே என்று எறிந்துவிடாதீர்கள். ரொகோட்டோ, மன்சானோ சேர்ந்த பியூபெசென்ஸ் இனத்துக்கு விதையே கறுப்புதான்.

எவ்வளவு பழைய விதை வரை நம்பலாம் என்பதை வருடம் மட்டும் தீர்மானிப்பதில்லை, எப்படி வைத்திருந்தார் என்பதும்தான். வரியோடிய காய் தரும் 'ஃபிஷ்' என்ற மிளகாய் ரகம் இதற்குச் சாட்சி. அமெரிக்க ஓவியர் ஹொரேஸ் பிப்பின் 1940-களில் தன் மூட்டுவலிக்குத் தேனீக் கொட்டு வாங்க ஒரு தேனீ வளர்ப்பவரிடம் போவார், பதிலுக்கு விதை கொடுப்பார். அந்தத் தேனீ வளர்ப்பவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பேரன் வில்லியம் வொய்ஸ் வீவர் உறைபெட்டியின் (ஃப்ரீசர்) அடியில் அந்த விதைப் புட்டிகளைக் கண்டெடுத்தார். முளைத்தது. இன்று உலகில் இருக்கும் ஃபிஷ் மிளகாய் அதிலிருந்து வந்தது. ஆகவே உறை எங்கே இருந்தது என்று அவர் வீட்டில் கேளுங்கள். உறைபெட்டி என்றால் நம்பிக்கை அதிகம்; தோட்டக் கொட்டகை என்றால் இரண்டு மடங்கு விதை போடுங்கள்.

## முளை வந்தது, விதைத் தோல் கழலவில்லை

விதையிலைகள் தொப்பி போட்டது போல மாட்டிக்கொண்டிருக்கும். காரணம் ஆழம் போதாமை அல்லது காற்றில் ஈரம் போதாமை. மண்ணுக்குள் இருந்து உரசிக்கொண்டு வந்தால்தான் தோல் கழலும். ஒரு துளி நீரை அதன் மேல் விட்டு, கண்ணாடிக் குவளையால் மூடி, மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். ஊறியதும் இடுக்கியின் முனையை இடுக்கில் நுழைத்து விரித்தால் தானே வரும். காய்ந்த நிலையில் இழுத்தால் விதையிலையோடு வளரும் நுனியும் போய்விடும். அப்படிப் போன நாற்று மீள்வது அபூர்வம்.

## நாற்று திடீரெனச் சாய்கிறது

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று மண் மட்டத்தில் நூலாக இளைத்துப் படுத்திருந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழி நோய்க்கிருமிகளின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம். சாய்ந்ததை அதைச் சுற்றிய மண்ணோடு எடுத்து எறியுங்கள், மேல் மண் வெளிறும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், மூடி இருந்தால் திறந்து மெல்லிய காற்று ஓட விடுங்கள். பிறகு கீழ்த் தட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

இந்த விதைக்கு ஒரு கூடுதல் கட்டுப்பாடு: எல்லா நாற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குழிக்கு ஒரு விதை, தட்டு இரண்டு, இடம் இரண்டு. ஒன்று அழுகினால் மற்றது இருக்கும்.

நாற்று ஒல்லியாக நீண்டு வெளிறிப் போனால் அது நோய் அல்ல, வெளிச்சக் குறை. சாளர வெளிச்சம் போதாது. எல்.இ.டி. விளக்கை நாற்றின் தலைக்கு மேல் சுமார் ஒரு சாண் உயரத்தில் வைத்து நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். இலை வெளுத்தால் விளக்கைச் சற்று உயர்த்துங்கள்.

## இலை சுருள்கிறது

இலைச் சுருட்டையில் அவசரப்பட்டு மருந்து அடிப்பவர்கள் பாதிப் பேர் தவறான மருந்தை அடிக்கிறார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதே முதல் துப்பு.

விளிம்பு மேல்நோக்கிப் படகு போல வளைந்து, அடிப்பக்கம் வெள்ளி பூசினது போலவோ பழுப்பாகவோ மினுங்கினால் இலைப்பேன். கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். 1 மி.மீ. நீள வைக்கோல் நிறக் கோடுகள் நகரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்கு 1 மி.லி. சோப்புக் கரைசல், மாலையில், அடி இலை நனையும்படி, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

விளிம்பு கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு போல மடிந்து, கொழுந்து இலை குறுகிக் கரும்பச்சையாகி, காம்பு மட்டும் நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. 0.2 மி.மீ.தான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. 20 மடங்கு உருப்பெருக்கி வேண்டும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கேட்கும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை என்று மறுநாளே கந்தகம் அடித்து மொத்தச் செடியையும் இழப்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சள் பாய்ந்து, செடி முழுவதும் கொத்தாகக் குறுகி நின்றால் வெள்ளை ஈ பரப்பும் சுருட்டை வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. வேறு செடிகள் நல்லபடி இருந்தால் உடனே பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போட்டுவிடுங்கள். இரக்கம் காட்டும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிக்கு ஆபத்து.

அதுதான் கடைசிச் செடி என்றால்? இங்கேதான் வழக்கமான அறிவுரை பொருந்தாது. நுண்வலைக் கூண்டுக்குள் தனியாக வைத்து, வெள்ளை ஈ உள்ளே போகாமலும் வெளியே வராமலும் பார்த்து, இரண்டு பழமாவது பழுக்கும் வரை தாங்குங்கள். கிடைக்கும் விதையை அடுத்த முறை தனியாக வளர்த்து, நோயற்ற நாற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தோன்றாது. கொழுந்து முறுக்கிக்கொண்டு பெரணி இலை மாதிரி சுருண்டால், போட்ட எருவில் களைக்கொல்லி எச்சம் இருக்கலாம். அந்த எருக் கலவையில் நான்கு பயறு விதை போட்டுப் பாருங்கள். அதுவும் முறுக்கினால் கோளாறு செடியில் இல்லை, மண்ணை மாற்றுங்கள்.

## இலையில் வெள்ளைத் திட்டு

வைரஸா, ரகத்தின் குணமா? ஃபிஷ் மிளகாயின் இலையில் வெள்ளையும் பச்சையும் கலந்தே வரும். அதைத் தெரியாதவர் நோய் என்று பிடுங்கிவிடுவார். குணமாக இருந்தால் திட்டின் ஓரம் தெளிவாக இருக்கும், இலையின் அளவும் வடிவமும் கெடாது, செடி சுறுசுறுப்பாக வளரும். மொசைக் வைரஸ் என்றால் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் தேமல் போல ஒன்றில் ஒன்று கரையும், இலை கொப்பளித்துக் கோணும். முழுக்க வெள்ளையாக முளைக்கும் நாற்றில் பச்சையமே இல்லை. அது தானே இறந்துவிடும், உங்கள் தவறு அல்ல.

புகையிலை மொசைக் வகை வைரஸ்கள் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போகும். சந்தேகச் செடியின் விதையை 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் (ஒரு லிட்டருக்கு 100 கிராம்) 15 நிமிடம் கலக்கிக்கொண்டே ஊற வைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். கையுறை அவசியம், அந்தக் கரைசல் தோலை அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி). புகை பிடிப்பவர் செடியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையிலிருந்தே வைரஸ் ஒட்டும்.

கணுவில் ஊதாப் புள்ளி, வெயில் பட்ட காயில் ஊதா நிழல், ஹலபீனோ வகைக் காயில் தேங்காய் நார் நிறக் கீறல்கள்: இவை கோளாறு அல்ல.

## பூ உதிர்கிறது

முதலில் வரும் ஐந்தாறு பூ உதிர்வது இயல்பு. தொடர்ந்து உதிர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 24-க்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு விழும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அதே கதை. நிழல்வலை பகல் சூட்டுக்கு உதவும். இரவுச் சூட்டுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. செடி கரும்பச்சையாகக் கொழுத்து, பூ மட்டும் நிற்கவில்லை என்றால் தழைச்சத்து அதிகம். உரத்தை நிறுத்துங்கள்.

பைக்குள் கட்டிய பூ மட்டும் உதிர்ந்தால் காரணம் வேறு. பைக்குள் காற்று இல்லை, பூ அசைவதில்லை. காலை வேளையில், மகரந்தப் பை வெடிக்கும் நேரத்தில், பையோடு சேர்த்துக் கிளையை விரலால் மெல்லத் தட்டுங்கள், தினமும்.

## காயில் கோளாறு

இதில் ஒரே கேள்விதான்: இந்தக் காயிலிருந்து விதை எடுக்கலாமா?

நுனியில் பழுப்பாகத் தோல் போலக் காய்ந்து குழிந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இல்லாததை விட, ஒரு நாள் வறட்சி மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் விடுவதே பெரும்பாலும் காரணம். மண்ணின் மேல் காய்ந்த இலையால் மூடாக்கு போட்டுச் சீராகத் தண்ணீர் விடுங்கள். உள்ளே பூஞ்சை இல்லாமல் பழுத்திருந்தால் விதை எடுக்கலாம். வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம் போல் ஆனால் வெயில் கருகல், விதைக்கு ஒன்றுமில்லை.

வட்டமாகக் குழிந்து, உள்ளே வளையம் வளையமாகக் கருப்பு அல்லது இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பழ அழுகல் நோய், கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சை. இது விதை வழியே போகும். அந்தக் காயின் விதை வேண்டாம். வேறு காயே இல்லை என்றால் வெந்நீர்ச் சிகிச்சை: 51.5 டிகிரி நீரில் 30 நிமிடம், பிறகு உடனே குளிர்ந்த நீர். ஒரு டிகிரி கூடினாலும் விதை வெந்துவிடும். அதனால் நம்பகமான வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள். புதிதாக எடுத்த விதைக்கு மட்டும். நண்பரின் பழைய விதைக்கு இதைச் செய்யவே கூடாது, தாங்காது.

## செடி வாடுகிறது

நண்பகலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் வெயில். மாலையிலும் நிமிராமல், மண்ணும் ஈரமாக இருந்தால் வேரிலோ தண்டிலோ நோய். தண்டின் அடி கறுத்து வளையமிட்டிருந்தால் பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய், நீர் தேங்கியதன் விளைவு. வெளியே எதுவும் தெரியவில்லை என்றால் அடித்தண்டில் 5 செ.மீ. வெட்டித் தெளிந்த நீர்க் குவளையில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். இரண்டையும் குணப்படுத்த முடியாது. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய் எதையும் சில ஆண்டுகளுக்கு வைக்காதீர்கள்.

செடி சாகும் முன் காயைப் பாருங்கள். முழு அளவு வந்து நிறம் திரும்பத் தொடங்கிய காய் இருந்தால் கிளையோடு வெட்டி நிழலில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் பழுக்கும், விதையும் முதிரும். ஒரே செடிதான் இருக்கிறது என்றால், அதில் நோயில்லாத கிளையே இல்லை என்ற நிலை வருவதற்கு முன்பே, செடி நன்றாக இருக்கும்போது பூக்காத 8 முதல் 10 செ.மீ. பக்கக் கிளை ஒன்றை வெட்டி வேர் பிடிக்க வைப்பது நல்ல காப்பு. மிளகாய் பல்லாண்டுச் செடி என்பதையும் மறக்க வேண்டாம். குளிர் காலத்தில் கவாத்து செய்து 10 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் மறு ஆண்டும் காய்க்கும்.

## காய் அவர் வளர்த்தது போல இல்லை

இதுதான் மனத்தைக் கலக்கும் கோளாறு. அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு மூன்று காய் வடிவம் கோணலாகவோ சிறிதாகவோ வரும். குறைந்தது ஐந்து காய், முழுதாகப் பழுத்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். காரமும் அப்படித்தான். வெயில், தண்ணீர், பழத்தின் வயது எல்லாம் காரத்தை மாற்றும். காரத்தைச் சுரப்பது விதை அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டு; அதையும் சேர்த்துச் சுவைத்தால்தான் ஒப்பிட முடியும்.

அதன் பிறகும் மாறுபட்டால், எத்தனை செடி மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

பத்தில் ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால், அவர் தோட்டத்தில் தேனீ செய்த வேலை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்தால் கணிசமான அளவு கலப்பு நடக்கும். மாறிய செடியைப் பிடுங்குங்கள் அல்லது தள்ளி வையுங்கள். மற்றதிலிருந்து விதை எடுங்கள்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி, ஆனால் அவருடையது போல் இல்லை என்றால், விதை எடுத்த காய் முழுவதும் வேறு மகரந்தம் பெற்றிருக்கலாம். உறையில் பெயர் மாறியிருக்கலாம் என்பதையும் விடக் கூடாது.

ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதம் என்றால், அவர் கலப்பின விதையிலிருந்து வந்த காயைச் சேமித்து வைத்திருக்கிறார். இதில் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அவர் விரும்பிய வடிவம் எது என்று பழைய படங்களிலும், அவர் காயைச் சமைத்துச் சாப்பிட்டவர்களிடமும் கேட்டு, அதற்கு மிக அருகில் இருக்கும் செடியைத் தேர்ந்து, தற்கலப்பு செய்து (தன் மகரந்தத்திலேயே காய்க்க வைத்து) தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தலாம். ஒவ்வொரு தற்கலப்பிலும் கலப்புத்தன்மை பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் 3 சொச்சம். ஆறேழு ஆண்டு வேலை, முடியாத வேலை அல்ல.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காரமில்லாத மிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாய் வைத்ததால் இந்த ஆண்டுக் காய் காரமாகிவிட்டது என்பார்கள். ஆகாது. காய் தாய்ச்செடியின் சதை. கலப்பு விதைக்குள்தான் இருக்கும், அந்த விதையை முளைக்க வைத்தால்தான் தெரியும். காரத்தைக் கொடுக்கும் மரபணு ஓங்கியது என்பதால் இனிப்பு ரகத்தின் விதையில் காரம் கலந்தால் அடுத்த ஆண்டே காரம் காட்டிக்கொடுத்துவிடும். காரமான ரகத்தில் இனிப்பு கலந்தால் அப்படித் தெரியாது, ஒரு தலைமுறை ஒளிந்திருக்கும். ஆகவே காரமான ரகக்காரர்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

## இனி கலக்காமல் இருக்க

வேறு மிளகாய் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். இருந்தால் பை கட்டுங்கள்.

மொட்டுகள் நிறைந்த ஒரு கிளையைத் தேர்ந்து, விரிந்த பூவையும் பிடித்த காயையும் முதலில் கிள்ளி எறியுங்கள். இதை மறந்து பை கட்டுபவர்கள்தான் அதிகம். பைக்குள் இருந்த காய் என்று நம்பி எடுப்பது ஏற்கெனவே தேனீ தொட்ட காயாக இருக்கும். அசுவினி இல்லை என்று உறுதி செய்து, 15க்கு 20 செ.மீ. மஸ்லின் அல்லது ஆர்கன்சா பையை மாட்டி, தண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து இறுக்குங்கள். பட்டாணி அளவில் நான்கைந்து காய் பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காய்களின் காம்பில் மட்டும் வண்ண நூல் கட்டுங்கள். கட்டிய அன்றே. நாளை கட்டலாம் என்றால் எது எது என்று மறந்துபோகும்.

பை இல்லாதவர்களுக்கு: மறுநாள் விரியப்போகும் பருத்த மொட்டின் நுனியில், இதழ்களை ஒட்டும்படி ஒரு துளி வெள்ளைப் பசை. பூ விரியாமல் உள்ளேயே காய் பிடிக்கும். பாதிதான் பிடிக்கும், அதனால் பத்து மொட்டுக்குச் செய்யுங்கள்.

ரொகோட்டோ இனம் சாதாரண மிளகாயோடு கலக்காது. சாதாரண மிளகாய், சைனென்ஸ், புருட்டசென்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும்; இனம் வேறு என்ற தைரியத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எத்தனை செடி? ஒரே செடியில் எடுத்தாலும் ரகம் தொடரும். ஆனால் அவர் உறையில் இருந்த சிறுசிறு வேறுபாடுகளும் தொடர வேண்டும் என்றால் ஐந்தாறு செடியிலாவது எடுத்துக் கலந்து வையுங்கள்.

## எடுத்து வைத்த விதை பூசணம் பிடித்தது, அல்லது அடுத்த ஆண்டு முளைக்கவில்லை

காய் முழு நிறம் வந்து, பறித்த பிறகும் ஒரு வாரம் வைத்து, அதன் பின் பிளந்து விதை எடுங்கள். வெள்ளைத் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, நிழலில், 35 டிகிரிக்குக் கீழே உலர்த்துங்கள். விதையை மடித்தால் வளையக் கூடாது, ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு புட்டியில் அடைத்ததுதான் பூசணத்துக்குக் காரணம்.

ஒடியும் பக்குவம் வந்த விதையை அதே எடைக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு சிறு புட்டிக்கு மாற்றுங்கள். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரு மடங்காகும், வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்கள் நெடுநாளாக நம்பும் கணக்கு. நன்கு உலர்ந்தது மட்டுமே உறைபெட்டிக்குப் போகலாம். ஈர விதை உறைந்தால் கரு செத்துவிடும். வெளியே எடுத்த புட்டியை அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்காதீர்கள். சூடு ஏறும் முன் திறந்தால் விதையின் மேல் பனித்துளி படியும். ஒரு வாரம் உலர்த்தியது ஒரு நிமிடத்தில் வீண்.

புட்டியின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: உறையில் அவர் எழுதிய பெயர் எழுத்து மாறாமல், அவருடைய விதையிலிருந்து எத்தனையாவது தலைமுறை, விளைந்த ஆண்டு, எத்தனை செடியிலிருந்து, பை கட்டியதா இல்லையா. பெயர் தெரியாத ரகத்துக்கு அவர் பெயரையே வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு ரகத்தின் பெயர் இருந்தால் அதை மாற்றாதீர்கள், பிறகு யாரும் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு அதை மூன்றாகப் பிரியுங்கள். ஜிம்மி நார்டெல்லோ என்ற இனிப்பு மிளகாயின் விதை 1887-இல் இத்தாலியின் பசிலிகாட்டா பகுதியிலிருந்து ஒரு குடும்பத்தோடு அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குப் போனது. மகன் ஜிம்மி 1983-இல் இறப்பதற்கு முன் அதை 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற விதைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் இன்று அந்தப் பெயரில் விதை கிடைக்கிறது. உங்களிடம் ஒரு பங்கு, வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரிடம் ஆளுக்கு 30 விதை, உறையின் படத்தோடு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை யாராவது ஒருவர் பத்து விதையை ஈரக் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பருவமே விதைப் பயிர் போட வேண்டும்.